திறவுகோல் யாரிடம்?

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சியன்னா நகர்ப் புனித பெர்னார்தீனின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் ஒன்று உண்டு. இஸ்பானியப் பிரான்சிஸ்கன் துறவியர் காலத்தில் எழுந்த அப்பெயர் இன்று சான் பெர்னார்டினோ என வழங்குகிறது. 1978 முதல் அது ஒரு மறைமாவட்டத்தின் பெயருமாகும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், திருவருகைக் காலத்து முதல் வாரத்தின் புதன்கிழமை, அப்பகுதிச் சுகாதாரத் துறையின் அலுவலர்கள் பயிற்சிக்காகவும் விழாக்கால விருந்துக்காகவும் ஓரிடத்தில் கூடியிருந்தனர். அவர்களுடன் பணிபுரிந்த ஆய்வாளர் ஒருவர் இடையிலே எழுந்து சென்றார். சற்று நேரத்தில் மனைவியுடன் துப்பாக்கி ஏந்தித் திரும்பி வந்தார். 14 பேர் மாண்டனர். 22 பேர் காயமுற்றனர். ஆறு மாதக் கைக்குழந்தையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு இக்கொடுஞ்செயலுக்குப் புறப்பட்ட அத்தம்பதியர், அன்றே காவலரின் துப்பாக்கிக்கு இரையாயினர்.

கொன்றவர்கள் இறந்துபோயினும் கேள்விகள் இறக்கவில்லை. இவர்களுக்குத் துணைநின்றோர் உண்டா? அடுத்த தாக்குதலுக்கு வேறெவரேனும் காத்திருக்கின்றனரா? தம்பதியர் தம் சொந்தக் கைப்பேசிகளை உடைத்து நொறுக்கிவிட்டிருந்தனர். எஞ்சியது, அலுவலகம் அந்த ஆய்வாளருக்கு வழங்கியிருந்த ‘ஐபோன் 5சி’ என்னும் திறன்பேசி ஒன்றே. அது மாவட்ட நிர்வாகத்தின் உடைமை. நிர்வாகம் சோதனைக்கு இசைந்தது. நீதிமன்றமும் சோதனை ஆணை வழங்கியது. சட்டப்படி இருக்க வேண்டிய அனுமதிகள் யாவும் இருந்தன. ஆயினும், உலகின் வல்லமை மிக்க புலனாய்வு நிறுவனங்களுள் ஒன்றாகிய எஃப்.பி.ஐ., உள்ளங்கையளவே உள்ள அக்கருவியின் முன் செய்வதறியாது நின்றது.

திருப்பலிக்கு வரும் முதியவர் முதல் மறைக்கல்வி பயிலும் மாணவர் வரை நம்மில் பலருடைய கையிலும் இன்று இத்தகைய கருவி இருக்கிறது. அதனுள் மறைந்திருப்பதை அரசு கேட்டால், அது எந்த அளவுக்குக் கொடுக்கப்பட வேண்டும்? சான் பெர்னார்டினோவில் எழுந்த அவ்வழக்கைச் சற்று நிதானமாக ஆராய்வது இக்கேள்விக்கு ஒளி தரும்.

பூட்டின் இரகசியம்

நம் வீட்டுப் பீரோவின் சாவி தொலைந்தால் கொல்லரை அழைக்கிறோம். அவர் பூட்டை உடைத்தால் உள்ளேயிருக்கும் நகையும் பத்திரமும் இருந்தபடியே கிடைக்கும். மறைகுறியாக்கம் எனப்படும் முறை இத்தகையதன்று. அது பெட்டியைப் பூட்டுவதோடு நில்லாமல், பெட்டிக்குள் உள்ள கடிதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் எவருக்கும் விளங்காத வகையில் மாற்றி எழுதி வைத்துவிடுகிறது. பெட்டியை உடைத்துக் கடிதத்தை எடுத்தாலும் பொருளற்ற குறிகளே கண்ணுக்குப் புலப்படும். உரிய திறவுகோலைக் கொண்டு கணக்கிட்டால்தான் அக்குறிகள் மீண்டும் எழுத்தாகும்.

அத்திறவுகோல் எங்கே இருக்கிறது? ஐபோனில் அது இரண்டு கூறுகளால் உருவாகிறது. ஒன்று, உரிமையாளர் தம் மனத்தில் வைத்திருக்கும் கடவு எண். மற்றொன்று, கருவியைச் செய்யும்போதே அதன் சில்லுக்குள் பொறிக்கப்படும் ஒரு நீண்ட எண். இவ்விரண்டாம் எண்ணை உற்பத்தி செய்த நிறுவனமே குறித்து வைப்பதில்லை. ஆதலால் கடவு எண்ணைத் தேடுகிறவர் அந்தக் கருவியிலேயே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாக வேண்டும். கருவி ஒவ்வொரு முயற்சிக்கும் ஏறத்தாழ ஒரு வினாடியின் பன்னிரண்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. நான்கு இலக்க எண் எனில் 10,000 வகைகளே உண்டு. தடையின்றி முயன்றால் கால் மணி நேரத்திற்குள் அகப்பட்டுவிடும். ஆறு இலக்கமாயின் ஒரு நாள் வேண்டும். ஆறு இடங்களில் எழுத்தும் எண்ணும் கலந்து வைத்தாலோ எல்லாவற்றையும் முயல ஐந்தரை ஆண்டுகள் ஆகும்.

தடையின்றி முயன்றால் என்றோம். தடைகள்தாம் இங்கே முக்கியமானவை. சில முறை தவறினால் கருவி நம்மைக் காக்க வைக்கிறது. தவறு கூடக்கூடக் காத்திருப்பும் கூடுகிறது. அதற்குரிய ஏற்பாட்டைச் செய்திருந்தால், பத்தாவது தவறோடு உள்ளிருப்பவை யாவும் மீட்க வழியின்றி அழிந்துபோகும். 2014 செப்டம்பரில் வெளிவந்த ‘ஐ.ஓ.எஸ். 8’ என்னும் இயக்க முறைமைக்கு முன்பு, நீதிமன்ற ஆணை வந்தால் ஆப்பிள் நிறுவனமே பூட்டிய கருவியிலிருந்து பலவற்றை எடுத்துக் கொடுக்க இயன்றது. அதன்பின் அந்நிறுவனம் தன் கையையே கட்டிக்கொண்டது எனலாம்.

ஆணையும் மறுப்பும்

ஆப்பிள் நிறுவனம் தொடக்கத்தில் ஒத்துழையாமல் இருக்கவில்லை. தன் மேகச் சேமிப்பில் இருந்த பதிவுகளை ஒப்படைத்தது. ஆனால் அவை அக்டோபர் 19-ஆம் நாளோடு நின்றுவிட்டன. அதன்பின் நிகழ்ந்தவை கருவிக்குள் மட்டுமே இருந்தன. பழக்கமான ஒரு கம்பியில்லா இணைப்புக்கு அருகே கொண்டுசென்றால் கருவி தானாகவே மேகச் சேமிப்புக்குப் பதிவுகளை அனுப்பியிருக்கக் கூடும். ஆனால், தாக்குதல் நடந்த சில மணி நேரங்களுக்குள், விசாரணையாளரின் விருப்பப்படி அச்சேமிப்புக் கணக்கின் கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது. அதனால் அவ்வழி அடைபட்டது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு தவறு நேர்ந்ததென்று எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமியே பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

2016 பிப்ரவரி 16-ஆம் நாள், நீதிபதி ஷெரி பிம், அரசின் வேண்டுகோளை ஏற்று ஆணையொன்று பிறப்பித்தார். 1789-ஆம் ஆண்டில், அமெரிக்கக் குடியரசு குழந்தையாய் இருந்தபோது இயற்றப்பட்ட ‘ஆல் ரிட்ஸ்’ சட்டமே அதற்கு அடிப்படை. ஆப்பிள் நிறுவனம் ஒரு தனி மென்பொருளை எழுதித் தர வேண்டும். அது பத்து தவறுகளுக்குப்பின் அழிக்கும் ஏற்பாட்டை முடக்க வேண்டும். காத்திருப்பை நீக்க வேண்டும். விரலால் தட்டாமல் கணினியே எண்களைச் செலுத்த வழிசெய்ய வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள். அம்மென்பொருளை அந்த ஒரு கருவிக்கு மட்டுமே பொருந்துமாறு செய்யலாம் என்றும், நிறுவனம் தன் வளாகத்திலேயே அதை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆணையில் இடமளிக்கப்பட்டிருந்தது.

இதனை ஆப்பிள் நிறுவனமே ஏன் செய்ய வேண்டும்? அரசின் வல்லுநர்கள் எழுதக் கூடாதா? பங்கின் முத்திரையில்லாத ஞானஸ்நானச் சான்றிதழை வேறொரு பங்கில் ஏற்பார்களா? அதுபோலவே, ஆப்பிளின் இலக்க முத்திரையில்லாத மென்பொருளை ஐபோன் ஏற்பதில்லை. எனவே அரசுக்குத் தேவைப்பட்டது நிறுவனத்தின் அறிவு மட்டுமன்று, அதன் முத்திரையுங்கூட.

அன்றே நிறுவனத் தலைவர் டிம் குக் வாடிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஒரு கருவிக்கென்று செய்யப்படும் கள்ளச்சாவி, ஒரு கருவியோடு நிற்காது என்பதே அதன் சாரம். இன்று பயங்கரவாதி ஒருவனின் கருவி. நாளை கஞ்சா வழக்கில் ஒருவனுடையது. அடுத்த நாள் வேறொரு நாட்டின் அரசு தனக்கு வேண்டாதவர்களின் கருவிகளை வரிசையாகக் கொண்டுவந்து நீட்டும். ஒருமுறை செய்து கொடுத்தவர், இயலாது என்று மறுமுறை சொல்ல முடியாது அன்றோ?

உயிரிழந்தோரின் குடும்பத்தார் சிலர் அரசின் பக்கம் நின்று நீதிமன்றத்தில் மனு செய்தனர். தம் அன்புக்குரியவர் எதற்காக, யாருடைய ஏவலால் மாண்டார் என்பதை அறிய அவர்களுக்கு உரிமை இல்லையா? அக்கண்ணீரின் முன் கணினி வல்லுநர்களின் வாதங்கள் வறண்டு தோன்றுவது இயல்பே. அதே வேளையில், காயமுற்று உயிர்பிழைத்த பெண் ஒருவரின் கணவர் ஆப்பிளுக்கு ஆதரவாக நீதிபதிக்கு மடல் எழுதினார். முதலில் தமக்கும் அந்நிறுவனத்தின் மீது சினமே எழுந்தது என்றும், ஆழ்ந்து ஆராய்ந்தபின் கருத்து மாறியது என்றும் அதில் அவர் கூறியிருந்தார். ஒரே துயரத்தில் பங்குகொண்டவர்கள் நல்ல மனசாட்சியோடு இருவேறு முடிவுகளுக்கு வந்தனர். அரசின் பக்கம் நின்றோரை விடுதலையின் எதிரிகள் என்பதும், மறுத்தோரைப் பயங்கரவாதத்தின் நண்பர்கள் என்பதும் இரண்டும் அநீதியே.

அரசின் வாதம் வலுவற்றதன்று. பொதுநலனைக் காப்பது அரசின் கடமை என்று திருச்சபை எக்காலத்தும் போதித்து வந்துள்ளது. நீதிபதியின் ஆணையோடு வருகின்ற காவலர் ஒருவர், வீட்டின் எந்த அறையையும் திறந்து பார்க்கலாம் என்பது நாகரிக நாடுகள் யாவும் ஏற்ற நியதி. சட்டம் புகமுடியாத அறையொன்றைத் தனியார் நிறுவனம் கட்டி விற்கலாமோ? நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதி அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ், தம் அலுவலகத்தில் மட்டும் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கருவிகள் திறக்கப்படாமல் கிடப்பதாக எடுத்துரைத்தார். அவற்றுள் கொலை வழக்குகளும் சிறுவர்க்கு எதிரான கொடுமைகளும் அடங்கும். இதனைக் கேட்டு வாளாவிருக்கும் பெற்றோர் யார்?

மூன்று சாவிப் பெட்டி

அப்படியாயின், சாவியைப் பங்கிட்டு வைத்தால் என்ன? இக்கருத்து மிகப் பழையது. சிலுவைப் போருக்குக் காணிக்கை திரட்டும்பொருட்டு, 1199-ஆம் ஆண்டின் இறுதியில் பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட், கோவில்தோறும் ஒரு பெட்டி வைக்குமாறு பணித்தார். அதற்கு மூன்று சாவிகள். ஒன்று ஆயரிடம், மற்றொன்று பங்குக் குருவிடம், இன்னொன்று பக்தியுள்ள பொதுநிலையினர் ஒருவரிடம் இருக்க வேண்டும். மூவரும் கூடினாலன்றிப் பெட்டி திறவாது. ஒருவர் நேர்மையை மட்டும் நம்பாமல் மூவரின் கண்காணிப்பை நம்பிய அவ்வேற்பாட்டில் மனித இயல்பைப் பற்றிய நல்லறிவு விளங்குகிறது.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், 1993-இல், அமெரிக்க அரசு இதே வழியை நாடியது. ‘கிளிப்பர்’ என்னும் சில்லைத் தொலைபேசிகளில் பொருத்துவது, அதன் திறவுகோலை இரு பாதிகளாக்கி அரசின் இரு அலுவலகங்களில் வைப்பது, நீதிமன்ற ஆணை வந்தால் மட்டும் இரண்டையும் சேர்ப்பது என்பது திட்டம். மறு ஆண்டே மாட் பிளேஸ் என்னும் ஆய்வாளர் அதிலிருந்த ஓட்டையைக் கண்டு வெளியிட்டார். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. காணிக்கைப் பெட்டிக்குப் பொருந்திய முறை இங்கே ஏன் தோற்றது? பெட்டி ஓர் ஊரில் இருந்தது; அதைத் திறக்க விரும்பும் கள்வன் அவ்வூருக்கு வந்தாக வேண்டும்; அகப்படுவதும் அப்பெட்டியின் காசு மட்டுமே. கோடிக்கணக்கான கருவிகளுக்குப் பொதுவான பின்வாசலோ உலகெங்குமுள்ள கள்வர் அனைவரையும் ஒருங்கே அழைக்கிறது. வாசலைக் கண்டுபிடித்தவன் எல்லா வீடுகளுக்குள்ளும் ஒரே இரவில் புகலாம்.

இது வெறும் அச்சமன்று. கிரேக்க நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள வோடஃபோன் நிறுவனத்தின் இணைப்பகங்களில், அரசு சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்குரிய மென்பொருள் வசதி உள்ளடங்கியிருந்தது. யாரோ சிலர் மறைவாக உட்புகுந்து, அவ்வசதியைத் தம் வசப்படுத்திக்கொண்டனர். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒட்டிய காலம் முதல் 2005 மார்ச் வரை, பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸ் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் உரையாடல்கள் களவாடப்பட்டன. குடிகளைக் கண்காணிக்க வைத்த வாசல் வழியே நாட்டின் தலைவரே கண்காணிக்கப்பட்டார்!

அமெரிக்காவும் இப்பாடத்தைக் கற்க நேர்ந்தது. அந்நாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் அரசுக்கு ஒட்டுக்கேட்கும் வசதியைக் கட்டாயம் செய்துதர வேண்டுமென 1994-இல் சட்டம் பிறந்தது. 2024-ஆம் ஆண்டின் இறுதியில், சீன அரசோடு தொடர்புடையோர் என அமெரிக்கா குற்றஞ்சாட்டும் ஊடுருவலாளர் அந்நிறுவனங்கள் பலவற்றுள் புகுந்தது வெளிப்பட்டது. நீதிமன்ற ஆணையின்பேரில் அரசு திரட்டிய சில விவரங்களும் அவர்கள் கையில் சிக்கின. அவ்வாண்டு டிசம்பரில், அந்நாட்டின் இணையப் பாதுகாப்பு முகமை, இலக்காகக் கூடிய உயர் பதவியினர் இருமுனையும் மறைகுறியிட்ட செய்திச் செயலிகளையே பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. எட்டு ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தில் இடையூறு என்று கருதப்பட்ட பூட்டு, இப்போது அரசுக்கே காவலாயிற்று.

மறைவும் மறைப்பும்

தவறு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. நல்லெண்ணத்தோடு கேட்கப்படும் இக்கேள்வி, கிறிஸ்தவ நோக்கில் தவறானது. நோயாளி மருத்துவரிடம் கூறுவதும், கணவன் மனைவிக்கு எழுதுவதும், மனம் உடைந்த மகள் தன் தோழியிடம் அழுவதும் குற்றங்களா? அவை மறைவாக இருப்பது குற்றத்தினால் அன்று, அன்பினாலும் நாணத்தினாலுமே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு, மனிதனுக்குரிய அடிப்படை உரிமைகளை அடுக்கும்போது உணவு, உடை, உறையுள் ஆகியவற்றோடு தனிவாழ்வின் பாதுகாப்பையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 220-ஆம் சட்டமும் ஒருவர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமையைப் பறிக்க எவருக்கும் அனுமதியில்லை என வரையறுக்கிறது.

இவ்விடத்தில் பாவசங்கீர்த்தன முத்திரையை நினையாதிருக்க இயலாது. பிராக் நகரின் புனித நெப்போமுக் அருளப்பர் 1393-இல் அரசன் வென்செஸ்லாஸின் ஆணையால் வல்தாவா ஆற்றில் தள்ளப்பட்டு மாண்டார். அரசியின் பாவசங்கீர்த்தனத்தை அரசனுக்கு வெளியிட மறுத்தமையே காரணம் என்று பக்தி மரபு கூறும். மடாதிபதி ஒருவரின் நியமனம் பற்றிய பிணக்கையே வரலாற்று ஆசிரியர்கள் சுட்டுவர். எவ்வாறாயினும், அரசனும் நுழையக்கூடாத ஓரிடம் உண்டு என்னும் உணர்வு ஐரோப்பியக் கிறிஸ்தவ உலகில் வேரூன்ற அவரது நினைவு துணை செய்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். திறன்பேசி பாவசங்கீர்த்தனத் தொட்டியன்று. முன்னது வாணிகப் பொருள், பின்னது அருட்சாதனம். அருட்சாதன முத்திரைக்கு விதிவிலக்கே கிடையாது. கைப்பேசிக்கு நீதியான விதிவிலக்குகள் இருக்கலாம்.

மறைவு காப்பது எப்போதும் நன்மையன்று என்பதைத் திருச்சபை தன் சொந்தத் துயரத்தின் வழியாகவே கற்றது. சிறுவர்க்கு எதிரான பாலியல் கொடுமை வழக்குகளில் ‘பாப்பரசர் இரகசியம்’ எனப்பட்ட விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. பாதிக்கப்பட்டோரைக் காக்க வேண்டிய திரை, குற்றமிழைத்தோரைக் காக்கும் திரையாய் மாறிற்று என்ற குறை எழுந்தது. 2019 டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவ்வழக்குகளில் அவ்விரகசியத்தை நீக்கினார். பாவசங்கீர்த்தன முத்திரையைத் தொடவில்லை. எளியோரைக் காக்கும் மறைவுக்கும் வலியோரைக் காக்கும் மறைப்புக்கும் இடையே அவர் கோடு கிழித்தார் எனலாம். ஐபோன் வழக்கிலும் நாம் தேட வேண்டியது அக்கோட்டையே. ஆனால் கணிதத்துக்கு எளியோர் வலியோர் என்ற வேறுபாடு தெரியாது. கொலைகாரனின் கருவியில் உள்ள பூட்டும், கொடுங்கோலரசுக்கு அஞ்சி மறைவாகச் செபிக்கும் குடும்பத்தின் கருவியில் உள்ள பூட்டும் ஒரே பூட்டு. இதனாலேயே, கள்ளச்சாவி வேண்டாமென்ற முடிவை ஏற்க நான் தலைப்படுகிறேன். வான்ஸ் அடுக்கிய வழக்குகளை மறந்து அல்ல.

இதற்காக ஆப்பிள் நிறுவனத்துக்கு எவரும் புனிதர் பட்டம் கோர வேண்டா. சீன நாட்டு வாடிக்கையாளரின் மேகச் சேமிப்பை 2018 முதல் அந்நாட்டு அரசு சார்ந்த நிறுவனமொன்றின் பொறுப்பில், திறவுகோல்களையும் அந்நாட்டுக்குள்ளேயே வைத்து நடத்த அது இசைந்தது. வாணிகம் பெரிதாகும் இடத்தில் கொள்கை சிறிதாவது உலக இயல்பு.

வழக்கு முடிந்த விதம்

மார்ச் 22-ஆம் நாள் வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. அதற்கு முந்திய நாள் அரசு தவணை கேட்டது. வெளியார் ஒருவர் வேறு வழி காட்டியிருப்பதாகக் கூறியது. மார்ச் 28-இல், கருவி திறக்கப்பட்டுவிட்டது, ஆப்பிளின் உதவி இனித் தேவையில்லை என்று அறிவித்தது. ஆகவே 1789-ஆம் ஆண்டுச் சட்டம் இத்துணை தூரம் செல்லுமா என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றம் விடை கூறாமலேயே வழக்கு முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு, வேறொரு போதைப்பொருள் வழக்கில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி நீதிபதி ஜேம்ஸ் ஓரன்ஸ்டைன், செல்லாது என்றே தீர்ப்பளித்திருந்தார்.

திறப்பதற்கு ஆன செலவு 9 லட்சம் டாலர் என 2017-இல் செனட் உறுப்பினர் டயான் ஃபைன்ஸ்டைன் வெளியிட்டார். உள்ளே முக்கியமானது எதுவும் அகப்படவில்லை என்றே செய்திகள் வந்தன. நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2018 மார்ச்சில் அளித்த அறிக்கை இன்னும் வியப்பூட்டுவது. ஆப்பிளைத் தவிர வேறு வழியே இல்லையென்று நீதிமன்றத்தில் கூறப்பட்ட அதே வேளையில், எஃப்.பி.ஐ.-யின் ஒரு பிரிவுக்கு அறிமுகமான வெளியார் ஒருவர் ஏறத்தாழ 90 விழுக்காடு வேலையை முடித்திருந்தார். பிரிவுகள் தம்முள் கலந்து பேசாமையே குறை என அறிக்கை கண்டது. வழி கிடைத்ததால் வழக்கு நின்றுபோயிற்றே என அதிகாரி ஒருவர் மனங்கசந்ததும் அதில் பதிவாகியுள்ளது. அவ்வழியின் விவரத்தையும் விலையையும் செய்தி நிறுவனங்கள் கேட்டபோது, அவை வெளியிடத் தகாதவை என்று எஃப்.பி.ஐ. மறுத்தது, 2017-இல் நீதிமன்றமும் அம்மறுப்பை ஏற்றது.

நம் நாடும் நம் வீடும்

இக்கேள்வி கடல் கடந்த நாட்டோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-இல் திருத்தியமைக்கப்பட்ட 69-ஆம் பிரிவு, மறைகுறியை நீக்கித் தருமாறு ஆணையிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது; மறுப்போருக்கு ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 2017 ஆகஸ்ட் 24-இல், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி வேண்டும் என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திலும் நடந்து, பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2021-ஆம் ஆண்டு விதிகள் அக்கடமையைப் பெரிய செய்திச் செயலிகள் மீது சுமத்தின. வாட்ஸ்அப் நிறுவனம் அதனை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. அவதூறும் மிரட்டலும் பரப்புவோரால் பெண்கள் படும் துன்பத்தை அறிந்தவர்கள், அவ்விதியின் நோக்கத்தை எளிதில் பழிக்க மாட்டார்கள்.

இப்பூட்டு அரசுக்கு மட்டுமன்று, நம் வீட்டாருக்கும் திறவாது. இதனை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. குடும்பத் தலைவர் திடீரெனக் காலமானால், வங்கிச் செய்திகளும், காப்பீட்டு விவரங்களும், பிள்ளைகளின் முதல் நற்கருணை நாள் படங்களும் அக்கருவிக்குள் அடைபட்டுப் போகின்றன. எஃப்.பி.ஐ.-க்குத் திறவாத கருவி, கைம்பெண்ணின் கண்ணீருக்கும் திறவாது. கடைக்காரரிடம் கொண்டுபோனால் உள்ளிருப்பவற்றை அழித்துக் கருவியைப் புதிதாக்கித் தருவாரேயன்றி, படங்களை மீட்டுத் தர அவரால் இயலாது.

இதற்கு நிறுவனங்களே சில ஏற்பாடுகளைச் செய்துள்ளன. ஐபோன் வைத்திருப்போர், 2021 டிசம்பர் முதல், தம் மறைவுக்குப்பின் தம் மேகச் சேமிப்பைப் பெறத்தக்கவராக ஐவர் வரை குறித்து வைக்கலாம். அவர்களுக்கு அணுகு குறி ஒன்று வழங்கப்படும். அதனோடு இறப்புச் சான்றிதழையும் காட்டினால் படங்களும் குறிப்புகளும் கிடைக்கும். கடவுச்சொற்களும் பணம் செலுத்தும் அட்டை விவரங்களும் கிடையா. கூகுள் நிறுவனத்தில், நாமே குறிக்கும் மாதங்கள் வரை நம் கணக்கு பயன்படுத்தப்படாமல் இருந்தால், நாம் பெயர் குறித்தவருக்குச் செய்தி அனுப்பும் வசதி 2013 முதல் உண்டு. இவற்றைச் செய்ய இயலாத முதியோர், கடவு எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பத்திரமும் சேமிப்புப் புத்தகமும் இருக்கும் பெட்டியில் வைத்துவிட்டு, அது இருக்குமிடத்தை நம்பத்தக்க ஒருவரிடம் கூறிவைக்கலாம். எண்ணை மாற்றும்போதெல்லாம் தாளையும் மாற்ற வேண்டும்.